ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு முகூர்த்தம்

அப்பிராணிப்பட்டிக்காரர்களைப் பற்றி நாலு ஊரில் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அங்கே ஒருவரிடம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் "கொஞ்சம் உட்காருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மனிதர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு அங்கேயே போகிறது.

அந்த ஊரில் இருக்கிற ஒரே கல்யாண மண்டபம் மங்களவிலாஸ். அதன் மேனேஜர் குழந்தைவேலு. ஒரு வியாழக்கிழமை மண்டபத்து முதலாளி சிவசிதம்பரம் அவரைக் கூப்பிட்டார்.

"பக்கத்து ஊர் மண்டபத்துல வைஃபை இருக்குன்னு நமக்கு வர வேண்டிய ரெண்டு கல்யாணம் அங்க போயிடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமைக் கல்யாணத்துல பொண்ணோட தாய்மாமன் குவைத்துல இருந்து வீடியோவுல முகூர்த்தம் பாக்கணுமாம். அவர் பாக்காம தாலி ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. நடுவுல படம் நின்னுதுன்னா, திங்கட்கிழமை நீ வேலைக்கு வர வேண்டாம்."

குழந்தைவேலு யோசித்தார். "செவ்வாய்க்கிழமை வரலாமா முதலாளி?"

"என்னிக்குமே வர வேண்டாம்."

இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தைவேலுவுக்கு இந்த வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பதை இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து ஜெரால்டு என்ற டெக்னீஷியன் வந்தார். ஆபீஸ் ரூம் சுவரில் ஒரு வெள்ளை ரவுட்டரை மாட்டி, கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் தட்டிவிட்டு, குழந்தைவேலுவையும் எலெக்ட்ரீஷியன் மாயழகுவையும் பாத்திர ரூம் பொறுப்பாளர் சிலம்பாயியையும் வரிசையாக நிற்கவைத்து விளக்கினார்.

"மூணு நெட்வொர்க் பிரிச்சிருக்கேன். பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு. மூணுக்கும் தனித்தனியா டி.எச்.சி.பி. செட்டிங். அதாவது, ஒரு ஃபோன் உள்ள வந்ததும் ரவுட்டரே அதுக்கு ஒரு நம்பர் கொடுக்கும். நம்பர் இருந்தாத்தான் நெட். நெட்வொர்க்குக்கு இருநூறு நம்பர் இருக்கு. நீங்க எதையும் தொட வேண்டாம். ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஒரு நெட்வொர்க் ஆள் இன்னொரு நெட்வொர்க்குல கலக்கக் கூடாது. முக்கியமா ஆபீஸ் நெட்வொர்க்குல ஸ்டாஃபைத் தவிர யாரையும் விடாதீங்க."

மூவரும் இதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். ஜெரால்டு மனநிறைவோடு பஸ் ஏறினார். பாவம், அவர் வெளியூர்க்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் அழைப்பிதழ் கொடுத்த பட்டியலோடு ஆபீஸ் ரூமுக்கு வந்துவிட்டார்.

"மேனேஜர் தம்பி, எங்க சொந்தக்காரங்க எல்லாம் ஒன்பது மணி பஸ்ஸுலதான் வருவாங்க. அதுக்குள்ள வேற யாராவது நம்பரை வாங்கிட்டா என்ன செய்யறது? எங்க பெரியண்ணன் வந்து நம்பர் இல்லாம நின்னா ஊர் சிரிக்கும்."

"பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரி நம்பரைப் பிடிச்சு வெச்சுடலாம்," என்றார் சிலம்பாயி.

"துண்டை எங்க போடறது?" என்று மாயழகு ரவுட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ரவுட்டரில் துண்டு போட இடம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில், 'இந்த நம்பர்களை யாருக்கும் கொடுக்காதே' என்று சொல்லிவைக்க ஒரு கட்டம் இருந்தது. வைத்திலிங்கம் பட்டியலைப் படிக்கப் படிக்க, மாயழகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நம்பரை அந்தக் கட்டத்தில் போட்டார். பெரியண்ணனில் ஆரம்பித்து, ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கொழுந்தியாள் வரைக்கும் சரியாக இருநூறு பேர். மரியாதைக்குக் குறைவில்லாமல் முடிந்தது என்று வைத்திலிங்கம் கும்பிட்டார்.

பிறகு, தாய்மாமன் பார்ப்பதற்காகத் தன் ஃபோனை மணமேடைக்கு எதிரே ஸ்டாண்டில் மாட்டினார். ஃபோனுக்கு நம்பர் கிடைக்கவில்லை. அழைக்கிறவர் பெயர் அழைப்பிதழ்ப் பட்டியலில் எப்படி இருக்கும்?

"உங்க பெரியண்ணன் நம்பரைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கட்டுமா?" என்று குழந்தைவேலு கேட்டார்.

"எடுத்துட்டு, அவர் முகத்துல நான் எப்படி முழிக்கறது?" என்றார் வைத்திலிங்கம்.

அது நியாயமாகத்தான் பட்டது. பெரியண்ணனும் மற்றவர்களும் வந்து சேர்ந்தபோது அவர்களுக்கும் நம்பர் கிடைக்கவில்லை. யாருக்கும் கொடுக்காதே என்று சொன்னால், ரவுட்டரும் அப்பிராணிப்பட்டிக்காரன் மாதிரிதான், கொடுக்காது. ஆனாலும் தங்களுக்கென்று நம்பர் பிடித்து வைத்திருப்பது தெரிந்து அவர்கள் மனம் குளிர்ந்துபோனார்கள்.

இந்தச் சேதி மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலத்தின் காதுக்கு எட்டியது. அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை வீட்டு வரிசையில ஒண்ணாம் நம்பர் யாருக்கு?"

மாயழகு கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "ரவுட்டருக்குங்க. எந்த வரிசையா இருந்தாலும் ஒண்ணாம் நம்பர் அதுக்குத்தான். மத்த ஃபோன் எல்லாம் அதுகிட்டதான் வழி கேக்கும்."

"மாப்பிள்ளையைப் பெத்தவன் நான் இங்க நிக்கறேன். முதல் மரியாதை சுவத்துல தொங்கற டப்பாவுக்கா?"

மூவரும் தலைகுனிந்தார்கள். கேட்பதற்கே நெஞ்சு பதறுகிற கேள்வி. உடனே மாயழகு ஆதிமூலத்தின் ஃபோனை வாங்கி, அதில் ஒண்ணாம் நம்பரைத் தன் கையாலேயே பதித்துக் கொடுத்தார். ஆதிமூலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் மாப்பிள்ளை வீட்டு ஃபோன்கள் ஒவ்வொன்றாக அவருடைய ஃபோனிடம் போய் வழி கேட்க ஆரம்பித்தன. அதற்கு என்ன தெரியும்? குடும்பத்துப் பெரியவரிடம் வழி கேட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஃபோனுக்கும் நெட் இல்லை.

மணி ஒன்பதே கால். முகூர்த்தம் பத்தரைக்குள் முடிய வேண்டும். தாய்மாமன் சின்னத்தேவன் குவைத்திலிருந்து சாதாரணக் காலில் கூப்பிட்டு, "மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். "உனக்கு எப்பய்யா தெரிஞ்சிருக்கு" என்று வைத்திலிங்கம் ஆறுதல் சொன்னார்.

குழந்தைவேலுவுக்குத் திங்கட்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. ஆபீஸ் நெட்வொர்க்கை இன்னும் யாரும் தொடவில்லை. அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"இவர் ஃபோனை அதுல சேர்த்துடலாமா?" என்று வைத்திலிங்கத்தைக் காட்டி மெல்லக் கேட்டார்.

சிலம்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஸ்டாஃபைத் தவிர யாரையும் விடக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. இவர் ஸ்டாஃபா?"

"இல்லை," என்றார் குழந்தைவேலு.

"ஸ்டாஃப் ஆக்கிட்டா?" என்றார் மாயழகு.

இப்படி ஒரு மூளை இத்தனை நாள் ஃபியூஸ் போட்டுக்கொண்டு வீணாகிவிட்டதே என்று குழந்தைவேலு வருத்தப்பட்டார். பிறகு ஆள் எடுக்கும் நோட்டை எடுத்து, வைத்திலிங்கத்தை உதவிப் பந்தல்காரராக நியமித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, அவருடைய ஃபோனை ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்த்தார். அடுத்த நொடியே குவைத் தெரிந்தது. குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கியது.

ஆனால் ஆதிமூலம் மறுபடியும் வந்துவிட்டார்.

"சம்பந்திக்கு வேலை போட்டுக் கொடுத்தீங்களாமே. எங்க வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?"

நியாயம் பொதுவானது. ஆதிமூலம் தலைமை வாட்ச்மேன் ஆனார். அவருடைய தம்பிகள் மூவரும் தண்ணீர் டேங்க் பார்க்கிறவர்கள் ஆனார்கள். அதைப் பார்த்துப் பெரியண்ணன் வந்தார், பெரியண்ணனைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். நாதஸ்வரக்காரர்களுக்கு ஜெனரேட்டரில் வேலை. புரோகிதருக்குக் கொடுக்கத் தகுந்த இடம் எதுவும் காலியாக இல்லாததால், அவர் பிளம்பராகச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது சிலம்பாயி கவலையோடு மேடையைக் காட்டினார். "மேனேஜரே, ஆபீஸ் நெட்டுல இப்ப தெரியப் போறது பொண்ணும் மாப்பிள்ளையும். அவங்க ரெண்டு பேரும் வெளியாளுங்க. வெளியாள் படம் ஆபீஸ் நெட்டுக்குள்ள போனா அது கலக்கறதுதானே?"

குழந்தைவேலு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மணப்பெண் பூவிழி, பாத்திர ரூமில் சிலம்பாயிக்குக் கீழே சேர்ந்தாள். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. மங்களவிலாஸில் லிஃப்ட் கிடையாது என்பதால் பொறுப்பு அதிகம் இருக்காது என்று குழந்தைவேலு எடுத்துச் சொன்ன பிறகு, அவரும் கையெழுத்துப் போட்டார்.

மணி பத்து. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. குவைத்தில் சின்னத்தேவன் கையில் அட்சதையோடு தயாராக நின்றார். புரோகிதர் தாலியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி சிவசிதம்பரம் உள்ளே வந்தார்.

வாசலில் வரவேற்க ஒருவரும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விருந்தாளிகளின் நாற்காலியில் ஸ்டாஃப் உட்காரக் கூடாது என்பது மண்டபத்து விதி.

"கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் எங்கய்யா?" என்றார் முதலாளி.

"யாரும் வரலைங்க முதலாளி," என்றார் குழந்தைவேலு. "இருக்கறது எல்லாம் நம்ம ஆளுங்கதான். ஆனா நெட் பிரமாதமா இருக்கு." பதிவேட்டையும் நீட்டினார்.

முதலாளி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. பதினேழு பிளம்பர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"இத்தனை பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரையும் வேலையை விட்டு எடுத்துட்டேன். இந்த நிமிஷமே மண்டபத்தை விட்டு வெளிய போங்க."

அப்பிராணிப்பட்டியில் முதலாளி சொல்லை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. தலைமை வாட்ச்மேன் ஆதிமூலம் முதலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் தண்ணீர் டேங்க்காரர்கள் போனார்கள். நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டார்கள். புரோகிதர் தாலியை மஞ்சள் துணியில் பத்திரமாகச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பூவிழியும் மாப்பிள்ளையும் மாலையோடு எழுந்து, முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்கள். முதல் நாளே வேலை போய்விட்டதே என்று மாப்பிள்ளை வழியெல்லாம் புலம்பினார்.

கடைசியாகக் குழந்தைவேலு கிளம்பினார். இருபத்திரண்டு வருஷத்து வேலை. துக்கம் பொங்கி வந்தாலும், வெளியே போய் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஸ்டாண்டில் ஃபோன் அப்படியே இருந்தது. படம் நிற்கவே இல்லை. அந்த மட்டில் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

உள்ளே முதலாளி தன்னந்தனியாக நின்றார். கோபத்தில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த மணமேடையில் ஏறி, மணையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஃபோனிலிருந்து சின்னத்தேவன் குரல் தெளிவாகக் கேட்டது. "மச்சான், மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத்தான் தெரியுது. இருந்தாலும் முகத்துல ஒரு களை இருக்கு. எனக்குப் பூரண சம்மதம். தாலியைக் கட்டச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, குவைத்தில் ஒரு கை அட்சதையை அள்ளி ஃபோன் மேலே தூவினார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் பூர்வீகம் அப்பிராணிப்பட்டிதான். ஃபோனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"பெரிய மனசு பண்ணிக் கேக்கறீங்க," என்றார். "எதுக்கும் வீட்டுல என் சம்சாரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."