எல்லைக்குள் வந்த மண்வீடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு, தன் குடியானவள் ஒருத்தியின் வீட்டின் மேல் பொறாமை வந்துவிட்டது.

வேட்டைக்குப் போன ராஜா, உச்சிவெயில் தாங்காமல் பாவாயி என்ற விதவையின் மண்வீட்டுக்குள் ஒதுங்கினார். உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிர்ந்தது. படுத்தவர் பொழுது சாய்ந்துதான் எழுந்தார்.

"இது என்ன மாயம்?" என்று கேட்டார்.

"மாயமெல்லாம் இல்லீங்க சாமி. செம்மண்ணுல வைக்கோலைப் போட்டு, புளிக்க வச்சு, நானும் எம் புருசனும் மிதிச்சோம். முழ உசரம் சுவரு வச்சு, அது காஞ்சப்புறந்தான் அடுத்த முழம். கூரையைத் தாங்கப் பனமரத்துல அறுத்த பனங்கை, அதுக்கு மேல ஓலை. அவ்வளவுதானுங்க."

அரண்மனை திரும்பிய ராஜாவுக்குத் தூக்கமே வரவில்லை. செப்புத் தகடு வேய்ந்த கூரை அனலாய்க் கொதித்தது. "ஒரு குடியானவளுக்கு இருப்பது எனக்கு இல்லையா?" என்று புழுங்கினார்.

கூட வேட்டைக்குப் போயிருந்த விகடகவி காளத்தி, அந்த வீட்டைச் சபையில் வாயாரப் புகழ்ந்தான். அரண்மனையைக் கட்டிய அதிகாரி திருவிளங்கருக்கு வயிறு எரிந்தது. தன் பளிங்குத் தூண்களைப் பற்றி ராஜா ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண்சுவருக்கு இத்தனை புகழா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் எழுந்தார். "மன்னா, அந்த வீடு தங்கள் தலைநகர எல்லைக்குள் நிற்பதல்லவா முறை? புகழ்ந்த காளத்தியே அதைச் செய்யட்டும். சுவரில் ஒரு கீறலும் விழக்கூடாது. தவறினால் நாட்டை விட்டுப் போகட்டும்!"

பொறாமையில் இருந்த ராஜா யோசிக்கவில்லை. "அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்குள் முடிய வேண்டும். எத்தனை ஆட்கள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்."

செய்தி கேட்ட பாவாயி அழுதுவிட்டாள். "மண்சுவத்தைப் பேத்தா மறுபடி நிக்காதுங்களே! நான் எங்க போவேன்?"

"உன் வீட்டை யாரும் தொடமாட்டார்கள், தாயே. எனக்கு மாடுகள்தான் வேண்டும்" என்றான் காளத்தி.

பௌர்ணமியன்று ராஜாவும் திருவிளங்கரும் புறப்பட்டார்கள். வழக்கமான இடத்தில் நகர எல்லைக்கல்லைக் காணோம். வெயிலில் வெகுதூரம் போன பிறகு பாவாயியின் வீடு தெரிந்தது. அதற்கும் அப்பால், வயலோரத்தில் எல்லைக்கல் நின்றது. பக்கத்தில் மாடுகளுடன் காளத்தி.

"மன்னா, வீடு எல்லைக்குள் நிற்கிறது. கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்."

"மோசடி!" என்று கத்தினார் திருவிளங்கர். "இப்படியே கல்லை நகர்த்தினால் பக்கத்து நாடும் நம் எல்லைக்குள் வந்துவிடுமே!"

"பக்கத்து நாட்டைப் பிடிக்கவும் திருவிளங்கரே யோசனை சொல்லிவிட்டார், மன்னா. ஆணையிட்டால் மாடுகள் தயார்" என்றான் காளத்தி.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமும் வந்தது. வாசலில் நின்ற பாவாயியிடம் திரும்பினார். "பாவாயி, வீடு உன்னுடையதுதான். வெயில் தாழும்வரை இருந்துவிட்டுப் போகட்டுமா?"

"தாராளமா இருங்க சாமி." ராஜாவையும் காளத்தியையும் உள்ளே அழைத்துப் போனவள் வெளியே எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து வெயிலிலேயே நின்றார் திருவிளங்கர். "ஐயா, நீங்களும் உள்ள வாங்க. எதுக்கு அங்க நின்னு வேகறீங்க?"

முறைத்துக்கொண்டே உள்ளே வந்தவர், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். ராஜாவுக்குப் பாய் விரிப்பதற்குள் அவரிடமிருந்து குறட்டை கிளம்பியது.

அவர் விழித்துவிடாதபடி ராஜா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். கையிலிருந்த பொற்காப்பைச் சத்தமில்லாமல் கழற்றிக் காளத்தியின் கையில் மாட்டினார்.