நாயிடம் மட்டும் ஏன் இங்கிலீஷ்?

அந்தக் காலத்தில் நாய்கள் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசும். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்கு சீசர் என்று ஒரு நாய். துரை தட்டில் கறியை வைத்து "வெயிட்" என்பார். சீசர் எச்சில் ஊற உட்கார்ந்திருக்கும். "கம்" என்றதும் ஒரே பாய்ச்சல்! இப்படித்தான் அந்த இரண்டு சொல்லையும் அது கற்றுக்கொண்டது.

துரை வீட்டுச் சமையல்காரர் சூசைக்கோ இங்கிலீஷ் என்றாலே வேப்பங்காய். ஒரு விருந்தில் அவர் ஏதோ சொல்லப்போக, வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்கள். பாவம், மனுஷன் கூனிக் குறுகிப் போனார். "செத்தாலும் இனி அந்தப் பாஷை என் வாயில் வராது" என்று அன்றே சொல்லிவிட்டார்.

ஒரு ஆடி மாதம் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். வாசல் கேட்டருகே சீசரின் தலையைத் தடவி, "வெயிட்" என்றார். அவ்வளவுதான், போயே போய்விட்டார். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

சீசர் கேட்டடியை விட்டு நகரவில்லை. மழையில் நனைந்தது. சூசை மீன்குழம்புச் சோறு கொண்டுவந்தார்.

"வாடா, வந்து சாப்பிடு."

"‘கம்’ சொல்லாம எந்திரிக்கக் கூடாது அண்ணே."

"அதுக்கும் வான்னுதாண்டா அர்த்தம்! துரை இனி வரமாட்டாருடா."

"வெயிட்னு சொன்னாரே" என்றது சீசர்.

நான்காம் நாள் சீசரால் தலையைத் தூக்க முடியவில்லை. சூசைக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் கேட்காதபடி குனிந்து, "கம்" என்று முணுமுணுத்தார்.

சீசர் கண்ணைத் திறந்தது. "அர்த்தம் மட்டும் தெரிஞ்சாப் போதாது அண்ணே. சோறு போட்டு வச்சுக்கிறவர் சொல்ற சொல்லு அது. நீங்க சொன்னா நான் உங்க நாய், கடைசி வரைக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

சூசை வீட்டில் நாலு பிள்ளைகள். பாதி நாள் அரைவயிற்றுக் கஞ்சி. போதாததற்குக் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவர் நிமிர்ந்தார்.

"சீசர்! கம்!"

மலையே கேட்டிருக்கும். சீசர் தள்ளாடி எழுந்து அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று தொடங்கிய வழக்கம்தான், ஏபிசிடி தெரியாதவர்கள்கூட நாயிடம் மட்டும் இங்கிலீஷில் பேசுவது. யாராவது சும்மா "கம்" என்றாலும் தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறதே, பார்த்திருப்பீர்கள். தன்னை வைத்துக்கொள்ள ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று அது நம்பிவிடுகிறது.