இழைத்த அன்று

தேக்குப் பலகைகளை அடுக்கி, பசையால் ஒட்டி, ஒரே உத்திரமாக்கும் வித்தையைக் கற்பித்துவந்தவர் தமயந்தி. அவருடைய சீடர் சங்கரலிங்கம். சீடர் என்றதும் இளைஞர் என்று எண்ணிவிட வேண்டாம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர், தென்காசிப் பக்கம் மர மில் வைத்திருந்தவர்.

அங்கே அவரும் தம்பி வேலாயுதமும் ஒட்டி ஏற்றிய தேக்கு உத்திரம் ஒரு மழைக்காலத்தில் பிளந்து விழுந்தது. கீழே நின்ற தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். பசையைத் தம்பி சரியாகக் கலக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னார் சங்கரலிங்கம். அன்றிலிருந்து தம்பி மனைவி கோமதி அவர் முகத்தில் விழிப்பதில்லை.

ஒருநாள் தாங்கமுடியாமல் தமயந்தியிடம் கேட்டார்.

"ஏன் மேடம் விட்டுச்சு? மரமா, பசையா? அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

தமயந்தி இரண்டு ஜோடிக் கட்டைகளைக் கொண்டுவந்தார். முதல் ஜோடியை இயந்திரத்தில் வைத்து அழுத்தினார். மரம் நார்நாராகக் கிழிந்தது. ஒட்டு விடவில்லை. இரண்டாவது ஜோடி, தொட்டதும் கழன்றுகொண்டது. உட்பக்கம் வழவழவென்று இருந்தது.

"இதுல பசை சரியில்லையா?"

"ரெண்டுக்கும் ஒரே பசைதான். முதல் ஜோடி இழைச்ச உடனே ஒட்டினது. இது, இழைச்சு மூணு நாள் சும்மா கிடந்தது. தேக்குக்குள்ள இருக்கற எண்ணெய் மெல்ல மேல வந்துடும். அப்புறம் பசை பிடிக்காது."

சங்கரலிங்கம் அந்த வழவழப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க இழைச்ச அன்னைக்கே ஒட்டினீங்களா?"

"தம்பி ஒட்டிருவோம்னுதான் சொன்னான். நான்தான் தடுத்தேன்."

"எதுக்கு?"

"மத்தியானத்துக்கு மேல அஷ்டமி பொறந்துட்டு. அடுத்து நவமி. தசமி வரைக்கும் போட்டு வச்சேன்."

சொல்லி முடித்த சங்கரலிங்கம் தரையில் உட்கார்ந்து, செத்தவன்மேல் பழி போட்டேனே என்று அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோமதி கால்ல விழுந்தாவது இதைச் சொல்லிரணும் மேடம். இனி அவ மன்னிக்கப் போறதில்ல. ஆனாலும் சொல்லணும்."

"சொல்லணும்."

"ரெண்டு நாள் போகட்டும். போயிட்டு வாரேன்."

தமயந்தி இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஏன், இன்னைக்கு அஷ்டமியா?"