சின்னராசு அளந்த சூடு

கோயம்புத்தூரில் எல்.இ.டி. விளக்குகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் ஷபானா குரு, சின்னராசு சிஷ்யர். குருவைவிடச் சிஷ்யருக்குப் பதினைந்து வயது கூடுதல். காலமெல்லாம் வயரிங் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் இங்கே சேர்ந்தார்.

அவருடைய மச்சினன் பேக்கரி வைத்திருக்கிறான். அடுப்புக்கு மேலே மாட்ட இவர் சிபாரிசு செய்த விளக்குகள் அத்தனையும் ஒரே மாசத்தில் மண்டையைப் போட்டன. அன்றிலிருந்து மாமியார் வீட்டில் இவருக்குப் பெயரே 'ஃப்யூஸ் மாப்பிள்ளை'. பாவம், மனிதர் நொந்துபோனார். மாற்றிக் கொடுக்கிற விளக்காவது நின்று எரிந்தால்தான் வருகிற மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அந்த வாசலை மிதிக்க முடியும்.

அதனால் புது விளக்கை அவரே அளக்க உட்கார்ந்தார். விளக்கின் மூடி இருந்தால் சூடு காட்டும் கம்பியை உள்ளே விட இடைஞ்சல். கழற்றி ஓரமாக வைத்தார். ஏ.சி.க்கு நேர் கீழே மேசையில் விளக்கைப் போட்டு எரியவிட்டார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம்! நாற்பது டிகிரிதானுங்க! கை வெச்சாக்கூடச் சுடலை. அஞ்சு வருஷம் கேரண்டின்னு மச்சினனுக்குப் போன் போட்டுறட்டுங்களா?"

ஷபானா விளக்கைப் பார்த்தாள். ஓரமாகக் கிடந்த மூடியைப் பார்த்தாள். ஏ.சி.யையும் பார்த்தாள்.

"இதே மாதிரி விளக்குதானுங்களே அங்க செத்துச்சு? அது ஏனுங்க மேடம்? எனக்குப் புரியவே இல்லைங்க."

"எந்திரிங்கண்ணா, சொல்றேன்."

ஆணியில் தொங்கிய ரெயின்கோட்டை எடுத்துக் கொடுத்தாள். கழுத்துவரை ஜிப்பை இழுக்கச் சொன்னாள். தலைக்கு ஹெல்மெட். சின்னராசு முழித்தார், ஆனாலும் மாட்டிக்கொண்டார்.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட சாமான் அறை. ஜன்னல் கிடையாது. சித்திரை மாத மத்தியான வெயில். அதற்குள் அவரை நிறுத்தினாள்.

"எப்படிண்ணா இருக்கு?"

"இப்பத்தானுங்க ஏ.சி.ல இருந்து வந்தேன். உடம்பு குளுகுளுன்னுதான் இருக்குது."

"சரிங்கண்ணா."

ஷபானா வெளியே வந்து கதவைச் சாத்தப் போனாள்.

"ஐயோ மேடம், கதவை ஏனுங்க சாத்தறீங்க? எங்க போறீங்க?"

"குளுகுளுன்னுதான் இருக்கீங்கன்னு அளந்தாச்சுங்களே. உங்க மச்சினனுக்குப் போன் போடப் போறேன்."

"என்னன்னுங்க?"

"அண்ணனை அடுப்புக்கு மேல மாட்டிக்கங்க, அஞ்சு வருஷம் நிப்பாருன்னு."