மணி அடித்தும் எழாத தாழை

கடல்தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கிய புதிது. அவ்வளவு பழைய காலம் அது. அந்தக் காலத்தில் வெண்கரை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம், அதற்கு மேற்கே கடல், கடலோரத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கோபுரம். கல் கோபுரம் இல்லை பிள்ளைகளே, உப்புக் கோபுரம்!

கட்டச் சொன்னவன் செம்பட்டையன் என்ற மந்திரவாதி. அவனிடம் ஒரு மந்திர மணி இருந்தது. டணார்... டணார்... டணார்! அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும். பசி மறந்துபோகும். வலி மறந்துபோகும். தூக்கம் மறந்துபோகும். ஓலைப்பெட்டியில் உப்பை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஓடுவார்கள். ராஜாவும் ஓடினார். கிரீடத்தின் மேலேயே பெட்டியை வைத்துக்கொண்டு ஓடினார்!

இத்தனை உயரக் கோபுரம் எதற்கு? மேலே ஏறி, அஸ்தமிக்கப் போகிற சூரியனைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கு. சூரியன் இறங்காவிட்டால் ராத்திரி இல்லை. ராத்திரி இல்லாவிட்டால் தூக்கம் இல்லை. செம்பட்டையனுக்கு வேலை நடந்துகொண்டே இருக்கும். கோபுரம் முடிய இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

அந்தக் கடைசி நாள் காலையில், தாழை என்ற சிறுமியின் காலில் உடைமரத்து முள் ஏறியது. நல்ல நீள முள். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள்.

டணார்... டணார்... டணார்!

எல்லாரும் ஓடினார்கள். தாழையின் கால் மட்டும் எழவில்லை. அவள் கவனமெல்லாம் காலில் இருந்தது. மணிச் சத்தம் அவளுக்குள்ளே போக வழியில்லை.

“அட! மணி அடிக்குது, நான் உட்கார்ந்திருக்கேனே!” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

“எந்திரி பிள்ளே, எந்திரி!” என்று பக்கத்தில் ஒரு குரல். பார்த்தால், உப்பு மூட்டை சுமந்த கிழட்டுக் கழுதை! “அவன் பார்த்தா உன்னையும் கழுதை ஆக்கிருவான்!”

“நீ யாரு?”

“நேத்து வரைக்கும் அரண்மனை வைத்தியன். ஊரார் புண்ணையே பார்த்துட்டிருந்தேன், மணிச் சத்தம் எனக்கு ஏறல. கொஞ்சம் படுங்கய்யா, ஒரு வாய் சாப்பிடுங்கம்மான்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். கடைசியில, நான் வேலைக்கு வரமாட்டேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நான் ஒருத்தன்தான் சொன்னேன். இதோ, இப்ப நாலு கால்.”

“ஒருத்தரா சொன்னா அப்படித்தான்” என்றாள் தாழை. “ஆள் சேர்த்துட்டுச் சொல்லணும்.”

முதலில் தன் அம்மா செண்பகத்தைத் தேடி ஓடினாள். “அம்மா, போகாதம்மா!” என்றாள். மணி அடித்தது, அம்மா போய்விட்டாள். அம்மா அடுத்த நடை உப்பெடுக்க வந்தபோது கையைப் பிடித்து இழுத்தாள். மணி அடித்தது, அம்மா உதறிக்கொண்டு போய்விட்டாள். தாழைக்கு அழுகை முட்டியது. அம்மாவின் பாதம் பாளம் பாளமாக வெடித்து ரத்தம் கசிந்தது. அம்மாவுக்கோ அது தெரியவேயில்லை.

மூன்றாம் நடையில் தாழை பேசவில்லை, இழுக்கவில்லை. கழுதையின் முதுகில் மூட்டைக்குப் பதில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஏற்றி வந்திருந்தாள். குனிந்து அம்மாவின் காலைக் கழுவினாள். கழுதை சொன்னபடி வெடிப்பில் வேப்பெண்ணெய் தடவினாள்.

“ஆ! ஏட்டி, எரியுதுட்டி!” என்று அம்மா அலறினாள். பிறகு குனிந்து பார்த்தாள். “ஐயோ, இது என் காலா? இதோடயா நான் ஓடினேன்?”

டணார்... டணார்... டணார்! அம்மா எழவில்லை.

“மணி அடிச்சா அடிக்கட்டும்” என்றாள் தாழை. “நம்ம கால் நம்ம கால்!”

அம்மா, தன் பக்கத்தில் போனவளின் காலைக் கழுவினாள். அவள் அடுத்தவளின் காலைக் கழுவினாள். தாழை நேரே ராஜாவிடம் போய், “உட்காருங்க மகாராஜா!” என்று அதட்டினாள். கிரீடத்தைத் தூக்கினால், நெற்றியெல்லாம் புண்! தண்ணீர் பட்டதும் ராஜா குழந்தை மாதிரி விசும்பினார். “பசிக்குதே... எனக்குப் பசிக்குதே!” என்றார். யாரோ ஆறிய கஞ்சியைக் கொடுத்தார்கள். தாழையும் ஒரு வாய் குடித்தாள்.

சாயங்காலத்துக்குள் உப்பளம் முழுக்க உட்கார்ந்துவிட்டது.

செம்பட்டையன் கோபுரத்திலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான். “எவ அவ, முதல்ல உட்கார்ந்தவ?”

“நான்தான்” என்றாள் தாழை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள்.

“எந்திரி!”

“மாட்டேன்.”

மந்திரக்கோலை நீட்டினான். தாழையின் காது நீண்டது! கையில் ரோமம் முளைத்தது! ஆனாலும் அவள், “மாட்டேன், மாட்டேன்!” என்றாள்.

“நானும் மாட்டேன்!” என்று அம்மா மகளைக் கட்டிக்கொண்டாள். “நானும்!” என்றார் ராஜா. “நாங்களும்!” என்றது உப்பளம். கழுதைகூடக் கனைத்தது.

ஒரு ஆளுக்கென்று விட்ட மந்திரம் ஆயிரம் ஆளுக்குப் பிரிந்தது. ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? எல்லாருக்கும் காது லேசாக அரித்தது. அவ்வளவுதான்! சொறிந்துகொண்டார்கள். தாழையின் காது பழையபடி ஆனது.

செம்பட்டையன் கோபுரத்துக்கு ஓடினான். ஒரு கையால் மணியை ஆட்டினான், மறு கையால் கயிற்றை வீசினான். சுருக்கு சூரியன்மேல் விழுந்தது! மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டான். “இழுங்கடா! வந்து இழுங்கடா!” என்று கத்தினான்.

யார் போவார்கள்?

சூரியன் பாட்டுக்கு இறங்கியது. கயிறு இறுகியது. செம்பட்டையன், அவன் கோல், அவன் மணி, எல்லாம் சேர்ந்து தொபுக்கென்று கடலில் விழுந்தன.

கழுதை நின்ற இடத்தில் தாடி வைத்த வைத்தியர் நின்றார். இரண்டு கால்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

ராத்திரி வந்தது. அவரவர் இருந்த இடத்திலேயே படுத்தார்கள். மறுநாள் உச்சிப்பொழுதில்தான் ராஜ்ஜியம் கண்விழித்தது.

“என்ன வேணும் கேள் தாயி” என்றார் ராஜா. “பாதி ராஜ்ஜியம் தரட்டுமா?”

“அதை வெச்சு நான் என்ன செய்ய மகாராஜா? இனி மத்தியானத்தில எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அது போதும்.”

“நானும் கூப்பிடக் கூடாதா?”

“நீங்களுந்தான்.”

“சரி” என்றார் ராஜா.

பிறகு ஒரு நாள், ஏதோ தலைபோகிற அவசரம் என்று ராஜா குதிரையில் பறந்து வந்தார். நல்ல மத்தியானம். தாழையும் அம்மாவும் மற்றவர்களும் கொட்டகை நிழலில் படுத்திருந்தார்கள். ராஜா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். குதிரையை விட்டு இறங்கினார். அப்புறம் கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால் நீட்ட இடம் பார்த்து அவரும் படுத்துக்கொண்டார்.