நீச்சல் குளம் மிக நன்று

தென்காசிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். மலையைப் பார்த்த கட்டடங்கள், நடுவில் புளியமரங்கள். அங்கே புள்ளியியல் துறையில் உலகம்மை என்றொரு பேராசிரியர் இருந்தார். அவரிடம் படித்து, அவரிடமே ஆராய்ச்சியும் செய்து, அதே பல்கலைக்கழகத்தில் வேலைக்கும் சேர்ந்தவர் இஸ்ரவேல். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவர் உலகம்மைக்கு மாணவர்தான். சந்தேகம் வந்தால் உலகம்மையின் அறைக்கு வந்து நிற்பார்.

ஒரு வருடம் இஸ்ரவேலுக்கு ஒரு புதிய பொறுப்பு வந்தது. பாடம் எப்படி இருக்கிறது, வசதிகள் எப்படி இருக்கின்றன என்று மாணவர்களிடம் கருத்துக் கேட்டு வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ‘மிக நன்று’ முதல் ‘மோசம்’ வரை ஐந்து கட்டங்கள்.

முதல் வருடம் ஒரு சிலரைத் தவிர யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“படிவத்தை நிரப்பாதவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாதுன்னு சொல்லிருவோம்” என்றார் பதிவாளர்.

அடுத்த வருடம் அப்படியே சொன்னார்கள். ஒரே வாரத்தில் எல்லாரும் நிரப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’. பதிவாளருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் ஃபிளெக்ஸ் கட்டச் சொன்னார். ‘மாணவர் திருப்தியில் முழு மதிப்பெண்’ என்று பெரிய எழுத்து. கீழே துணைவேந்தர் படம், பதிவாளர் படம், ஓரத்தில் இஸ்ரவேல் படம்.

இஸ்ரவேல் அறிக்கையை எடுத்துக்கொண்டு உலகம்மையின் அறைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி அல்வாவும் இருந்தது.

உலகம்மை அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டே அறிக்கையைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது.

“நீச்சல் குளம் மிக நன்றுன்னு போட்டிருக்கே. எங்கேப்பா இருக்கு நீச்சல் குளம்?”

“எது மேடம்?”

“நம்ம நீச்சல் குளம்தான். எல்லாரும் பாராட்டியிருக்காங்க. எனக்கு மட்டும் தெரியல.”

இஸ்ரவேல் எட்டிப் பார்த்தார். கேள்விகளை வேறொரு பல்கலைக்கழகத்தின் படிவத்திலிருந்து எடுத்திருந்தார்கள். அங்கே குளம் இருந்திருக்கும். இங்கே சைக்கிள் நிறுத்தக்கூட ஒழுங்கான இடம் இல்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேடம், இவங்ககிட்ட இருந்து உண்மையை எப்படித்தான் வாங்குறது?”

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு. நீயும் வா.”

வகுப்பில் இஸ்ரவேலைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உலகம்மை கேட்டார்.

“நம்ம நீச்சல் குளத்துல தண்ணி எப்படி இருக்கு?”

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அடுத்தவன் சிரித்தான். வகுப்பே சிரித்தது.

“ஏம்ப்பா அப்படிப் போட்டீங்க?” என்றார் இஸ்ரவேல்.

“ஹால் டிக்கெட் வேணும்ல சார்.”

“ஒரே கட்டமா கீழ வரைக்கும் அமுக்கிட்டு வந்துட்டோம் சார். படிச்சுப் பார்க்கல.”

முன் பெஞ்சில் மைமூன் என்ற பெண் எழுந்தாள்.

“நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் போட்டேன்.”

“தெரிஞ்சேவா? ஏன்?”

“நீங்க படிக்க மாட்டீங்கன்னு தெரியும்ல சார்.”

வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. மைமூனுக்கே கொஞ்சம் பயம் வந்தது. உலகம்மையைப் பார்த்தாள். அவர், சொல்லு என்பது போல் தலையசைத்தார்.

“போன வருஷம் நிஜமாவே எழுதுனேன் சார். கட்டாயம் இல்லாதப்பவே எழுதுனேன். லைப்ரரிய அஞ்சு மணிக்குப் பூட்டிருறாங்க. எங்க பக்கம் பஸ்ஸு ஆறரைக்குத்தான். அதுவரைக்கும் புளியமரத்தடியில கொசுக்கடியில நிக்கோம். அந்த நேரம் லைப்ரரி திறந்திருந்தா படிப்போம்னு எழுதுனேன்.”

“என்ன பதில் வந்தது?”

“பதிலா?” என்றாள் மைமூன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் என்ற ஒன்று வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் இஸ்ரவேல் பரபரத்தார்.

“கேள்விகளையெல்லாம் மாத்திருறேன் மேடம். குளத்தைத் தூக்கிருறேன். புதுசா என்னென்ன கேக்கலாம்னு நீங்க சொல்லுங்க.”

“கேள்வி கிடக்கட்டும். முதல்ல லைப்ரரிக்குப் போ” என்றார் உலகம்மை.

நூலகர் கசமுத்து நாளிதழ்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, லைப்ரரிய ஏன் அஞ்சு மணிக்கே பூட்டுறீங்க?”

“ஆர்டர் அப்படி சார்.”

“பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவீங்களா?”

“எங்க போக? ஆறரைக்குத்தானே பஸ்ஸு.”

“அதுவரைக்கும்?”

“மரத்தடியில நிப்பேன். பிள்ளைகளும் நிக்கும். ஒண்ணுபோல கொசு அடிப்போம்.”

சொல்லி முடித்த பிறகுதான் கசமுத்துவுக்கு அது காதில் விழுந்தது போலிருக்கிறது. நாளிதழைக் கீழே வைத்தார்.

“உள்ள ஃபேன் இருக்கு, லைட் இருக்கு” என்றார் மெதுவாக. “நான் பாட்டுக்கு உள்ளேயே உக்காந்திருக்கலாம். ஆர்டரை மட்டும் மாத்திக் குடுங்க சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

இஸ்ரவேல் பதிவாளரிடம் ஓடினார்.

பதிவாளர் கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“நீர் குடுத்த அறிக்கைதானே? நூலகம், மிக நன்று. எல்லாரும் சொல்லியிருக்காங்க. பிறகு எதுக்கய்யா நேரத்தை மாத்தணும்?”

இஸ்ரவேலுக்குப் பதில் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. ஃபிளெக்ஸில் அவர் படம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவென்றே அவர் மனைவி நேற்று இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து போயிருந்தாள்.

“சார், அந்த அறிக்கை தப்பு.”

“என்னய்யா சொல்லுதீரு?”

“ஏழாம் பக்கம் பாருங்க சார்.”

பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நீச்சல் குளமா?”

“ஆமா சார்.”

“இந்தப் படிவத்தைப் பார்த்துச் சரின்னு சொன்னது யாரு?”

“நானும் நீங்களும் சார்.”

பதிவாளர் அறிக்கையை மூடினார்.

“வெளிய யாருக்கும் தெரியுமா?” என்றார் பதிவாளர், குரலைத் தாழ்த்தி.

“பிள்ளைகள் எல்லாத்துக்கும் தெரியும் சார். அவங்கதானே மார்க் போட்டாங்க.”

பதிவாளர் முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவரின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். கடைசியில் அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலகத்துக்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

“முதல்ல அந்த ஃபிளெக்ஸை இறக்கும். என் படமும்லா இருக்கு.”

அன்று மாலையே இஸ்ரவேல் ஏணி வாங்கி ஏறி அதை அவிழ்த்தார். காவலாளி ஆட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று கேட்டார். கொடுத்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து நூலகம் ஆறேகால் வரை திறந்திருந்தது. வாசலில் இஸ்ரவேல் ஒரு தாளை ஒட்டினார். ‘நேரத்தை நீட்டியிருக்கிறோம். கேட்டது நீங்கள்.’

அதோடு அவர் விடவில்லை. போன வருடம் எழுதி யாரும் திறந்து பார்க்காமல் கிடந்தவற்றையெல்லாம் உட்கார்ந்து படித்தார். முடிந்ததைச் செய்ய வைத்தார். முடியாததை முடியாது என்று அதே தாளுக்குக் கீழே எழுதி ஒட்டினார். ‘பெண்கள் விடுதிக்கு இரண்டாவது குடிநீர்த் தொட்டி இந்த வருடம் இல்லை. பணம் வரவில்லை. அடுத்த வருடமும் கேளுங்கள், நானும் கேட்கிறேன்.’ மாணவர்கள் நின்று வாசித்தார்கள். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த பருவத்தில் ஹால் டிக்கெட் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கேள்விகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கின. நிரப்பியவர்கள் முன்பைவிடக் குறைவு. ஆனால் நிரப்பியவர்கள் எழுதியிருந்தார்கள். திட்டியிருந்தார்கள், சண்டை போட்டிருந்தார்கள், ஒருவன் நூலகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு அங்கேயே கொசுவலை கேட்டிருந்தான். இஸ்ரவேல் சிரித்துக்கொண்டே படித்து வந்தார்.

ஓரிடத்தில் சிரிப்பு நின்றது. அது உலகம்மையைப் பற்றியது. ஒருவர் மட்டும் அல்ல, நாலைந்து பேர் அதையே எழுதியிருந்தார்கள்.

அன்று முழுக்க அவர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு தவித்தார். தன் குருவைப் பற்றி இப்படி எழுதுவதா என்று கோபம் வந்தது. அதை மட்டும் எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மறுநாள் காலை உலகம்மையின் அறைக்குப் போய்த் தாளை நீட்டினார்.

உலகம்மை உரக்கவே வாசித்தார்.

“‘உலகம்மை மேடம் நல்லா நடத்துறாங்க. ஆனா போர்டுல எழுதி முடிச்ச கையோட அழிச்சிருறாங்க. எங்க நோட்டுல பாதிக் கணக்குதான் இருக்கு.’”

இஸ்ரவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “யாரு எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்.”

“நான் கேட்டேனா?” என்று எழுந்தார் உலகம்மை. “வா, கிளாஸுக்கு நேரமாச்சு.”

அன்று ஒரு நீளமான கணக்கு. பலகை நிறைய எழுதினார். எழுதி முடித்ததும் கை தானாக டஸ்டரை நோக்கிப் போனது. எடுத்தவர், அப்படியே திரும்பி நடந்து, கடைசி பெஞ்சுக்கு வந்து, டஸ்டரை அங்கே உட்கார்ந்திருந்த இஸ்ரவேல் கையில் கொடுத்தார்.

“எல்லாரும் எழுதி முடிச்ச பிறகு குடு.”

பெஞ்சுகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். ஒவ்வொரு நோட்டாகக் குனிந்து பார்த்தார். ஒருவனிடம் கூட்டல் குறி விட்டுப்போனதைக் காட்டினார். மைமூன்தான் கடைசியாகப் பேனாவை மூடினாள்.

“முடிச்சாச்சு மேடம்.”

இஸ்ரவேல் எழுந்து போய் டஸ்டரைக் கொடுத்தார்.

வகுப்பு முடிந்து இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். உலகம்மையின் சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். உதறிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் இஸ்ரவேல் சிரித்துவிட்டார்.

“மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? நானும் உங்ககிட்டப் படிச்சப்ப என் நோட்டுலயும் பாதிதான் இருந்துச்சு. மீதிய ஹாஸ்டல்ல போய்ப் பக்கத்து ரூம்காரன் நோட்டைப் பார்த்து எழுதுவேன்.”

“அப்படியா?”

“இத்தனை வருஷம் கூடவே இருக்கேன். நானே உங்ககிட்ட இதைச் சொன்னதில்லையே. ஏன் மேடம்?”

உலகம்மை உதறுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“நீ சொல்லத்தான் நினைச்சிருப்பே. நான்தான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுட்டேன்.”