மூன்று முறை ஒலித்த போன்

கீரைக்காடு என்ற மலையூரிலிருந்து அடிவாரம் வரை இருபத்தெட்டு வளைவுகள். அந்தப் பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைத்தவன் சடையப்பன். அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், பலாப்பழ லோடை எங்கே இறக்குவது என்று போனில் பேசிக்கொண்டே, ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து ஒரு வளைவில் திரும்பினான். ஓரமாக நடந்து வந்த மாரப்பன் மீது வண்டி ஏறியது. மாரப்பன் அந்த இடத்திலேயே செத்துப்போனான். சடையப்பன் சிறைக்குப் போனான். தண்டனை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, மாரப்பனின் மனைவி வெள்ளச்சி தன் எட்டு வயது மகள் பிரதீபாவை அழைத்து வந்து ஊரார் நடுவில் நிறுத்தினாள்.

"வண்டி ஓடுறப்ப போனைத் தொடமாட்டேன்னு இவ தலையில கை வெச்சுச் சொல்லு" என்றாள். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

சடையப்பன் கை வைத்துச் சொன்னான். அன்று முதல், டாஷ்போர்டுப் பெட்டியில் போனைப் போட்டு மூடிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். வெள்ளச்சி அதன் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த ஆடி மாதம், ஒரு விடியற்காலையில் பிரதீபா வயிற்று வலியோடு எழுந்தாள். அவளால் இமைகளைத் தூக்க முடியவில்லை. தரையில் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. மலைமேல் இருந்த சுகாதார நிலையத்தில் நர்ஸ் எஸ்தர் விஷமுறிவு மருந்து ஏற்றியும் மூச்சு தளர்ந்துகொண்டே வந்தது. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு கீழே போயிருந்தது. பிரசவ வலியில் ஒருத்தி கிடந்ததால் எஸ்தராலும் கிளம்ப முடியவில்லை. அக்கம்பக்கத்தில் நின்றிருந்த ஒரே வண்டி சடையப்பனின் ஜீப். துணைக்கு ஆள் தேட நேரமில்லை.

அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் நான்கு கிலோமீட்டரில் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே போகச் சொன்னாள் எஸ்தர். பின் இருக்கையில் பிரதீபாவைச் சாய்த்து, வெள்ளச்சியின் இரண்டு கைகளையும் அவள் தாடையில் பொருத்தினாள். "இப்படியே தூக்கிப் பிடிங்க. கையை எடுத்தா மூச்சு அடைச்சிரும்" என்றாள்.

மழையும் பனிமூட்டமுமாக இருந்தது. பதினோராம் வளைவில் பெட்டிக்குள் போன் ஒலித்தது.

சடையப்பன் எடுக்கவில்லை. எஸ்தராகத்தான் இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்தது.

"எடுங்கண்ணா" என்றாள் வெள்ளச்சி. சத்தியம் வாங்கிய பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "ஓட்டிக்கிட்டே எடுங்க. சத்தியம் வாங்குனவ நான்தானே, நான் விட்டுட்டேன்."

சத்தியத்தை வாங்கியவள் வெள்ளச்சிதான். ஆனால் அது இருந்தது பிரதீபாவின் தலைமேல். தொட்டால் இந்தப் பிள்ளைக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று சடையப்பன் பயந்தான். பெட்டிவரை போன கையை இழுத்துக்கொண்டான். போன் ஓய்ந்தது.

பத்தொன்பதாம் வளைவில் மறுபடி ஒலித்தது. நிறுத்திவிட்டுப் பேசலாம் என்று பிரேக்கை மிதித்தான். வண்டி தயங்கியதுமே வெள்ளச்சி கதறினாள். "நிக்காதீங்க, நகமெல்லாம் நீலமாகுது." பிரேக்கை விட்டான்.

மூன்றாம் முறை ஒலித்தபோது அடிவாரம் வந்துவிட்டது. பாதை பிரியும் இடம் அகலமானது. முன்னும் பின்னும் வண்டி ஏதுமில்லை. வேகத்தைக் குறைத்தான். இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று அவள் கெஞ்சினாள். அவனுக்கும் அதுவே தோன்றியது. இடப்பக்கம் திருப்பினான்.

குண்டும் குழியுமான அந்தப் பாதையின் பாதியில் பிரதீபாவின் மூச்சு நின்றது. வெள்ளச்சி கையை எடுக்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் போராடினார். பலிக்கவில்லை.

எஸ்தர் அழைத்தது இதற்காகத்தான்: கீழே போயிருந்த ஆம்புலன்ஸ் மூச்சுக் கருவியோடு வலப்பக்கப் பாதையில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, பிரிவிலேயே நில்லுங்கள். ஜீப் இடப்பக்கம் திரும்பிய இரண்டாவது நிமிடம் ஆம்புலன்ஸ் அங்கே வந்து, ஜீப்பை எதிர்பார்த்து நின்றிருந்தது.

"எடுத்து அப்பனைக் கொன்ன. எடுக்காம மகளைக் கொன்ன" என்றாள் வெள்ளச்சி. ஓட்டுகிறவனின் போனுக்கு அடித்தேனே, உடன் ஓர் ஆளை ஏற்றி அனுப்பத் தவறினேனே என்று எஸ்தர் அழுதாள். சடையப்பனோ, வெள்ளச்சி முன்பு கேட்டபடி போனைத் தொடவில்லை. அன்று "நிக்காதீங்க" என்று அவள் கேட்டபடி வண்டியை நிறுத்தவுமில்லை.

கேட்டவர்களே, சத்தியம் வாங்கியவள், அதைக் காத்தவன், ஓட்டுகிறவனை அழைத்தவள். இந்த மூவரில் தவறியது யார்?

விடை: எஸ்தருக்குச் செய்தி சொல்ல வேறு வழி இருக்கவில்லை. வெள்ளச்சி வாங்கிய சத்தியம் நியாயமானது. பிறகு சொன்னதெல்லாம் மகளின் தாடையைப் பிடித்திருந்த தாயின் பயம், அதைக் கேட்டு வண்டி ஓட்டக் கூடாது. அந்தப் பனிமூட்டத்தில் ஓட்டிக்கொண்டே போனை எடுக்காததும் சரிதான்; எடுத்திருந்தால் மூவருமே பள்ளத்தில் கிடந்திருக்கலாம். ஆனால் தடை, ஓடுகிற வண்டிக்குத்தான். பாதை பிரியும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தியிருந்தால் சத்தியமும் நின்றிருக்கும், பிள்ளையும் பிழைத்திருக்கக்கூடும். பிரேக் இருந்தது சடையப்பனின் காலடியில். தவறு அவனுடையது. இதைப் பதினாறாம் நாள் அவனே வெள்ளச்சியிடம் போய்ச் சொன்னான். அவள், "நிக்காதீங்கன்னு சொன்னது நான்தானே" என்றாள்.